பதின்மூன்று ராத்தல்

அத்தியாயம் 11

"அதையும் சேத்துப் பாக்கட்டும்."

கதவுக்குப் பின்னாலிருந்து செவந்தி இப்படிச் சொல்லி மூன்று நாளாகியும் அதை மறுக்க எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. கிடைத்த காரணங்களெல்லாம் வாய்விட்டுச் சொல்லக் கூடாதவை.

வாராவாரம் படிக்கிறவர்களுக்கு எங்கள் வீடு பழக்கம். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செவந்தி என் தம்பி ராக்கப்பனின் மனைவி. ராக்கப்பன் புதுக்கோட்டை சமஸ்தானப் படையில் ஜமேதார். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது, படை கலைந்தது. மறு வருடம் தைப் பொங்கல் கழிந்த நான்காம் நாள், தன் ரிவால்வரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது வெடித்து இறந்தான். இது ஊர் அறிந்த செய்தி. போலீஸ் குறிப்பிலும் இதுதான் இருக்கிறது.

அவனுடைய ஒரே மகன் நாகராசு. எனக்குப் பிள்ளை இல்லை. ஆகவே சுபேதாராக இருந்த எங்கள் அப்பாவின் வீட்டுக்கும் வாரிசு அவன் ஒருவன்தான். அரிமளத்துப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ரிவால்வர் சுடுவதில் கெட்டிக்காரன். வருகிற தை மாதம் சென்னையில் நடக்கும் போட்டிக்குத் திருச்சித் துப்பாக்கிச் சங்கம் அவன் பெயரைக் கொடுத்திருக்கிறது. இதுவரை சங்கத்துத் துப்பாக்கியில் சுட்டுப் பழகினான். போட்டிக்குச் சொந்த ரிவால்வர் வேண்டும். அதன் எண் சனிக்கிழமைக்குள் சங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

சென்ற வாரம் அவன் என் முன் வந்து நின்று கேட்டது இது:

"அப்பாவோட ரிவால்வருக்கு விசை ரொம்ப லேசுன்னு சொல்வீங்களே பெரியப்பா. போட்டிக்கு அந்த மாதிரிதான் வேணும். அதையே எடுத்துக்கறேன்."

விரலால் இழுக்கும் விசை லேசு என்ற அந்தச் சொல் என்னுடையது. அது பொய்.

ராக்கப்பன் கை தவறிச் சாகவில்லை. வேண்டுமென்றே செய்துகொண்டான். அன்று அவன் அறைக்குள் முதலில் போனவன் நான். பார்த்ததும் புரிந்தது. அப்படிச் செத்தான் என்று ஊர் பேசக்கூடாது என்பது என் முதல் நினைப்பு. துடைக்கும்போது வெடித்தது என்றேன். உடனே இரண்டாவது நினைப்பு வந்தது. தோட்டா உள்ளே இருப்பது தெரியாமல் ஆயுதத்தைத் துடைத்தான் என்றால் ஒரு ஜமேதாருக்கு அதைவிட இழுக்கு உண்டா? சுபேதார் மகனுக்கு உண்டா? ஆகவே குற்றத்தை ஆயுதத்தின் மேல் போட்டேன். அதன் விசை காற்றுப் பட்டாலே இறங்கிவிடும், அப்படி ஒரு லேசு என்றேன். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். பத்து வருடம் ஆகப் போகிறது. சொல்லிச் சொல்லி அந்த ரிவால்வருக்கு ஒரு பேரே வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது அந்தப் பேரை நம்பித்தான் அவன் மகன் அதைக் கேட்டான்.

வேறு நல்ல ரிவால்வர் வாங்கித் தருகிறேன் என்றேன். திருச்சித் துப்பாக்கிக் கடையிலிருந்து ஞானமணி என்பவரை இரண்டு ரிவால்வர்களோடு புதுக்கோட்டைக்கு வரச் சொல்லி எழுதினேன். எல்லாம் சரியாக முடிந்த நேரத்தில்தான் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. அதையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

* * *

வியாழக்கிழமை காலை. மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. நான் கோட்டுப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது நாகராசு புறப்பட்டு நின்றிருந்தான். உயரமும் தோளும் அப்படியே ராக்கப்பன். நிற்கும்போது எடையை இடது காலில் வைப்பதுகூட அதே மாதிரி. அதை நான் அதிகம் பார்ப்பதில்லை.

"காகிதமெல்லாம் எடுத்துக்கொண்டாயா?"

"எடுத்துக்கிட்டேன் பெரியப்பா. நீங்க லைசென்ஸ் புஸ்தகத்த மறந்துறாதீங்க. அது ஒங்க பேருலதான் இருக்கு. இல்லேன்னா ஏட்டு வெளிய எடுத்துத் தரமாட்டாரு."

ராக்கப்பன் போன பிறகு அந்த ரிவால்வரை என் பெயருக்கு மாற்றி, புதுக்கோட்டைப் போலீஸ் ஆயுதக் கிடங்கில் ஒப்படைத்திருந்தேன். வீட்டில் வைத்திருக்க மனம் வரவில்லை. விற்கவும் மனம் வரவில்லை.

உள்ளிருந்து செவந்தி மகனிடம் பேசினாள்.

"வெயிலுக்கு முன்னால திரும்பி வரப் பாருங்கப்பா. பெரியவுகளுக்கு வெயில் ஆகாது."

"சரி ஆத்தா."

"மூணையும் நல்லா பாத்து எடு. அவசரப்படாத."

மூன்று என்பதைச் சற்று அழுத்திச் சொன்னதாக எனக்குப் பட்டது. பஸ் ஏறும் வரை அந்த எண்ணம் என்னை விடவில்லை.

* * *

ஆயுதக் கிடங்கில் ஏட்டு பழனிச்சாமி எங்களுக்காகக் காத்திருந்தார். வாய் ஓயாத மனிதர். பெரிய பதிவுப் புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டு, எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டினார்.

"வாங்கய்யா, வாங்க. சுபேதாரய்யா குடும்பத்துல மறுபடியும் துப்பாக்கி எடுக்குறாகன்னு கேட்டதும் எனக்கே நெஞ்சு நிமிந்துருச்சு. இந்தா இருக்கு. முப்பத்தெட்டு ரகம், ஒண்ணு. தோலுறை ஒண்ணு." விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே படித்தார். "விசை மிகவும் லேசு. கையாள்பவர் எச்சரிக்கையாக இருக்கவும். அடைக்கலம், அண்ணன்." நிமிர்ந்து பார்த்தார். "ஒங்க கையெழுத்துத்தானே?"

"என் கையெழுத்துத்தான்."

"முத்து முத்தா இருக்குங்கய்யா. அதான் நாங்க யாருமே இதத் தொடுறதில்ல. வருசத்துக்கு ஒரு தடவ எண்ணெ போடுறவன்கூட முருகா முருகான்னுதான் எடுப்பான்."

நாகராசு சிரித்தான். நானும் உதட்டை அசைத்தேன்.

உறையோடு அதை எடுத்துக்கொண்டு ஏட்டும் எங்களுடன் ஜீப்பில் ஏறினார். அன்னவாசல் போகிற சாலையில், போலீஸ்காரர்கள் சுட்டுப் பழகுகிற ஒரு மேடு இருக்கிறது. பின்னால் பாறைச் சரிவு. ஆள் நடமாட்டம் கிடையாது. ஞானமணி முன்பே வந்து ஒரு மரமேசையில் துணி விரித்து வைத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் சிறிய சிலுவை. யுத்தக் காலத்தில் பட்டாளத்து ஆயுதப் பட்டறையில் வேலை பார்த்தவர். அளந்து பேசுகிறவர். திருச்சி சங்கத்தில் போட்டிக்கு முன் ஆயுதங்களைச் சோதிப்பவரும் அவர்தான்.

துணியின் மேல் இரண்டு ரிவால்வர்கள் இருந்தன. ஏட்டு மூன்றாவதை உறையோடு கடைசியில் வைத்தார்.

* * *

முதலாவது வெள்ளிப் பூச்சுப் பூசியது. குழல் குட்டை. காலை வெயிலில் பளபளவென்று மின்னியது.

"அடேயப்பா" என்றார் ஏட்டு. "சவரக் கண்ணாடியாட்டம் இருக்கு. இதுல குறி பாக்குறதா, மொகம் பாக்குறதா?"

நாகராசு இருபத்தைந்து கஜத்தில் நின்றான். வலது கையை நீட்டி, இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஆறு தோட்டாவையும் நிதானமாகச் சுட்டான். அட்டையை எடுத்து வந்து பார்த்தோம். ஆறும் ஆறு திசையில் இருந்தன.

"முன் குறி வெயில்ல கூசுது பெரியப்பா. பிடியும் சின்னது. சுண்டுவிரலுக்கு எடமில்ல, கை கீழ எறங்கிருது."

"இது கல்யாண மாப்பிள்ளை இடுப்புல சொருகிக்கிறதுக்குங்க தம்பி" என்றார் ஞானமணி. "சும்மா பக்கத்துல வச்சுக் காட்டத்தான் கொண்டாந்தேன். இதப் பாருங்க."

இரண்டாவது கருநீலம். குழல் முக்கால் சாண் நீளம் இருக்கும். எஸ்டேட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. பிடி நல்ல மரம். பல வருடம் கைபட்டு வழவழவென்று இருந்தது.

நாகராசு அதில் உடனே தோட்டா போடவில்லை. வெறும் ரிவால்வரைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். மூடியபடியே கையை உயர்த்தி நீட்டினான். பிறகு கண்ணைத் திறந்து, குறி எங்கே நிற்கிறது என்று பார்த்தான். மூன்று முறை இப்படிச் செய்தான்.

"என்னய்யா இது, கண்ணாமூச்சியா?" என்றார் ஏட்டு.

"கைக்குப் பொருந்துதான்னு பாக்குறாரு" என்றார் ஞானமணி. "கண்ணத் தொறந்ததும் குறி நேரா அட்டையில நின்னா, அது அவரு கைக்குன்னே செஞ்சது. கையத் திருத்த வேண்டியிருந்தா அது வேற ஆளுக்கு உள்ளது."

"நிக்குது" என்றான் நாகராசு. அவன் முகத்தில் வெளிச்சம் தெரிந்தது.

தோட்டாவை அடிக்கும் குதிரையைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்து ஏற்றி, விசையை மெல்லத் தொட்டான். ஆறு முறை. ஐந்து ஓட்டை ஒரு வெற்றிலைக்குள் அடங்கியிருந்தன. ஆறாவது மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது.

"இதுதான்" என்றேன். "முடிந்தது. இந்த ரிவால்வரின் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள் ஞானமணி. வெயில் ஏறுகிறது, புறப்படலாம்."

என் குரல் அவசரப்பட்டது எனக்கே கேட்டது.

நாகராசு திரும்பிப் பார்த்தான். "அப்பாவோடத இன்னும் பாக்கலையே பெரியப்பா."

"இதைவிட நல்லது எது கிடைக்கப் போகிறது?"

"இது நல்லதுதான். ஆனா ஆத்தா கேட்டா என்ன சொல்றது? அப்பாவோடதத் தொட்டுக்கூடப் பாக்கலேன்னா?"

நான் மேசையை விட்டு விலகி நின்றேன்.

* * *

அவன் தோலுறையின் மூடியைத் தானே அவிழ்த்தான். சிறுவயதில் அதைத் தொட அவனுக்கு அனுமதி கிடையாது. அப்பன் இறந்தபோது திருமயத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். வந்து சேர்வதற்குள் ஆயுதம் போலீஸ் கைக்குப் போய்விட்டது. ஆக, இருபத்து மூன்று வயதில் இப்போதுதான் முதல் முறையாக அதைக் கையில் எடுக்கிறான்.

கனமான இரும்பு. கறுப்பு நிறம். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெருவிரல் குதிரையைத் தேடியது.

"குதிரையில பெருவிரல் வைக்க எடமே இல்லையே?"

ஞானமணி வாங்கிப் பார்த்தார். பழைய சிநேகிதரைப் பார்த்தது போல அவர் முகம் மாறியது.

"யுத்தக் காலத்து ரகம் தம்பி. நான் எத்தனையோ பிரிச்சுப் பூட்டியிருக்கேன். டாங்கிக்குள்ள ஏறி எறங்குறப்ப துணியில மாட்டக் கூடாதுன்னு குதிரையோட வால வெட்டிவிட்டுட்டான். இத முன்கூட்டி ஏத்தி வைக்க முடியாது. ஒவ்வொரு வெடிக்கும் விசைய ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் இழுக்கணும். இழுக்க இழுக்கத்தான் குதிரை பின்னால போகும், தோட்டா இருக்குற உருளை சுத்தும், அப்புறந்தான் குதிரை விழும்."

"விசை லேசா இருந்தாச் சமாளிச்சுக்கலாம்ல?"

"லேசா இருந்தா அதுல வேற வில்லங்கம் இருக்கு. மூணு ராத்தல் இழுப்பாவது தாங்கலேன்னா நம்ம சங்கத்து மேசையிலேயே நான் தள்ளிருவேன். அதுதான் விதி. இருங்க, இழுத்துப் பாத்துருவோம்."

பெட்டியிலிருந்து ஒரு சிறிய வில்தராசை எடுத்தார். ஒரு முனையில் கொக்கி. நடுவில் ராத்தல் கணக்குக் காட்டும் முள். கொக்கியை விசையில் மாட்டி இழுத்தால், எத்தனை ராத்தலில் விசை இறங்குகிறது என்று முள் காட்டிவிடும்.

இப்படி ஒரு விதி இருப்பது எனக்குத் தெரியாது. துப்பாக்கிக் குடும்பத்தில் பிறந்தவன்தான். ஆனால் எங்கள் காலத்தில் யாரும் விசையை நிறுத்துப் பார்த்ததில்லை.

"அது வேண்டாம்" என்றேன். "அதன் விசை நூல் மாதிரி. அதில் கொக்கி மாட்டினால் உள்ளே ஏதாவது பழுதாகிவிடும்."

ஞானமணி மரியாதையாகத்தான் சொன்னார். "நூல் மாதிரின்னா கட்டாயம் பாக்கணுமுங்கய்யா. அப்புடி ஒண்ண ஆளுக கையில குடுத்தா யாராச்சும் செத்துருவாக."

ஏட்டு இருமினார். ஞானமணிக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது. தெரியாமல்தான் சொன்னார். நாகராசு தலையைக் குனிந்துகொண்டான். அதற்கு மேல் தடுத்தால் நான் எதற்குத் தடுக்கிறேன் என்று கேட்பார்கள். கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றேன்.

ஞானமணி உருளையைத் திறந்து தோட்டா இல்லை என்று எல்லோருக்கும் காட்டினார். ஆயுதத்தை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, கொக்கியை மாட்டி, மெல்ல இழுத்தார்.

முள் ஒன்றைத் தொட்டது. இரண்டு. மூன்று.

"மூணு தாங்கிருச்சு. விதிக்கு ஒத்து வருது" என்றார்.

நான் மூச்சு விட்டேன். அவர் அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் தொழில் தெரிந்தவர். முடிவைப் பார்க்காமல் விடமாட்டார். இன்னும் இழுத்தார்.

ஐந்து. ஏழு. அவருடைய முன்கையில் நரம்பு புடைத்தது. ஒன்பது. குதிரை அரைவழிதான் வந்திருந்தது. உருளை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. பதினொன்று.

பதின்மூன்றில் குதிரை 'டக்' என்று விழுந்தது.

"இன்னொரு தடவ" என்றான் நாகராசு.

இன்னொரு முறையும் பதின்மூன்று. மூன்றாவது முறையும் அதேதான்.

ஞானமணி தராசைக் கழற்றி வைத்தார். "இது லேசே இல்லீங்கய்யா. யாரு சொன்னதுன்னு தெரியல. இது கை தவறி வெடிக்கிற சாமானே கெடையாது. இழுக்கணும்னு நெனச்சு இழுத்தாத்தான் உண்டு."

பாறைச் சரிவில் ஒரு காடை கத்தியது.

"அப்ப ரிஜிஸ்டர்ல லேசுன்னுல்ல எழுதியிருக்கு?" என்றார் ஏட்டு. கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். என் கையெழுத்தை ஒரு மணி நேரத்துக்கு முன்தான் முத்து என்று புகழ்ந்த மனிதர். அவர் கண்ணில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியது தெரிந்தது.

நான் பதில் தேடினேன். பத்து வருடமாக எனக்குப் பதில் பஞ்சம் வந்ததில்லை. அன்று வந்தது.

"பத்து வருசமாப் பெட்டியில கெடந்துச்சுல்ல ஏட்டையா" என்றான் நாகராசு. "எண்ணெ எறுகியிருக்கும். உள்ள துரு ஏறியிருக்கும். அதான் கனமா இருக்கு."

ஞானமணி வாயைத் திறந்தார். துரு இல்லை என்பது அவருக்குத் தெரியும். சற்று முன்தான் உள்ளே பார்த்தவர். வருடத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போடுகிறோம் என்று சொன்ன ஏட்டும் எதிரில்தான் நிற்கிறார். ஆனால் அவர் நாகராசின் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"இருக்கும், இருக்கும்" என்றார் பிறகு. "எண்ணெ எறுகுனா அப்புடித்தான்."

ஏட்டு நம்பினாரா இல்லையா, தெரியாது. "இரும்புதானே, மனுசனாட்டம் அதுக்கும் வயசாகும்" என்று சொல்லி வைத்தார்.

என் வீட்டு மானத்தைப் பத்து வருடம் நான் ஒருவனாகக் காத்து வந்தேன். ஒரு நிமிடத்தில் அது என் கையை விட்டு நழுவப் போயிற்று. அதைப் பிடித்தவன், யாரிடமிருந்து நான் அதை மறைத்தேனோ அவனேதான். அவன் என்னைக் காப்பாற்றியதற்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. உடம்பெல்லாம் கூசியது.

நாகராசு அந்தக் கறுப்பு ரிவால்வரை மறுபடி எடுத்தான். தோட்டா போடவில்லை. அட்டையை நோக்கி நீட்டினான். விசையை மிக மெதுவாக இழுக்கத் தொடங்கினான். குதிரை பின்னால் நகர்வதையும், உருளை ஒரு அறை சுற்றுவதையும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இழுத்தான். அது முடிய எவ்வளவோ நேரம் ஆனது. அந்த நேரத்துக்குள் ஒரு மனிதன் விரலை எடுத்துவிட நூறு இடம் இருந்தது. அதை அவன் எண்ணியிருப்பான். நானும் எண்ணினேன்.

குதிரை விழுந்தது. அவன் அதை உறையில் போட்டு மூடியை இறுக்கினான்.

"சுட்டுப் பாக்கலையா தம்பி?"

"வேண்டாம். நீளக் குழலையே எடுத்துக்கறேன். அதோட நம்பர எழுதுங்க."

* * *

எங்கள் கதையைச் சொல்கிறவன் ஒன்றை மட்டும் ஒளித்தால் அது கதை ஆகாது. ஆகவே அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

படை கலைந்த பிறகு ராக்கப்பனுக்கு வேலை இல்லை. வீட்டில் உட்கார்ந்து பழக்கம் இல்லாதவன். யாரிடமும் சொல்லாமல் போய்த் திருச்சியில் ஒரு பஞ்சாலை வாசலில் காவல்காரனாகச் சேர்ந்துவிட்டான். பொங்கலுக்கு ஊரில், அப்போது தனியாக இருந்த தன் வீட்டுக்கு வந்தவன், திரும்பிப் போகும் முன் என்னைப் பார்க்க வந்தான். மில் கொடுத்த காக்கி உடுப்பு. தோளில் பித்தளை வில்லை. கழுத்தில் விசில் கட்டிய கயிறு. வேலை கிடைத்ததை எனக்குக் காட்டத்தான் அப்படியே வந்தானோ என்னவோ.

கூடத்தில் அப்பாவின் படம் இருந்தது, சுபேதார் உடுப்பில். நான் படத்தையும் பார்த்தேன், அவனையும் பார்த்தேன்.

"இந்த உடுப்போடு இந்த வாசலில் ஏறாதே" என்றேன். "செத்தவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

அவன் வாசலிலேயே குதிகால் சேர்த்து நின்று, ஒரு குறையும் இல்லாத சல்யூட் அடித்தான். திரும்பிப் போனான். மறுநாள் காலை அவன் வீட்டிலிருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிட்டார்.

இதைக் கேட்டவர் யாரும் இல்லை. இதைப் பற்றி யாரும் என்னை விசாரிக்கவும் மாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

* * *

திரும்பும் பஸ்ஸில் நாகராசு எனக்கு ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்தான். பக்கத்து இடம் காலியாக இருந்தும் பின்னால் போய் நின்றுகொண்டான். அரிமளம் வரை அங்கேயே நின்றான். இறங்கும்போது மட்டும் "படி ஒசரம், பாத்து எறங்குங்க பெரியப்பா" என்று கை கொடுத்தான்.

வீடு வந்து சேரும்போது மணி இரண்டு. செவந்தி இலை போட்டு வைத்திருந்தாள். கை கால் கழுவி உட்கார்ந்தோம். அவள் இருவருக்கும் பரிமாறினாள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் அவரைக்காயும்.

"எத எடுத்த?" என்று மகனைக் கேட்டாள்.

"நீளக் குழலு ஆத்தா. வெள்ளக்காரனோடது. கைக்கு நல்லாப் பொருந்துச்சு."

"ஒங்க அப்பாவோடது?"

நாகராசு சோற்றில் குழம்பைப் பிசைந்தான். என்னைப் பார்க்கவில்லை.

"அது சரிப்படல ஆத்தா. பெரியப்பா சொன்ன மாதிரிதான். விசை ரொம்ப லேசு. தொட்டாலே எறங்கிருது. போட்டியில சேத்துக்க மாட்டாக."

நான் சொல்லி வந்த அதே வார்த்தைகள். அதே உறுதி. எங்கள் வீட்டுப் பிள்ளை என்பதில் சந்தேகமே வேண்டாம். பெற்ற தாயிடம், கண் இமைக்காமல், பெரியப்பனுக்காகப் பொய் சொன்னான்.

செவந்தி குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். அவசரம் இல்லாமல் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"லேசா?" என்றாள். "ஒங்க அப்பா அத வாங்கிட்டு வந்த புதுசுல எனக்குக் காட்டுனாக. வெறும் துப்பாக்கிதான், பயப்படாத, இழுத்துப் பாருன்னாக. ஒத்த வெரலால இழுத்தேன், அசையல. ரெண்டு கையும் சேத்து இழுத்தேன், அப்பயும் வரல. 'இவ்வளவுதானா ஒன் பலம்'னு அன்னைக்குப் பூராம் சிரிச்சாக."

கொல்லையில் ஒரு கோழி கேறிக்கொண்டிருந்தது.

பத்து வருடம். துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் நான் அந்த விசையைப் பற்றிச் சொல்லும்போது அவள் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு முறைகூட மறுத்ததில்லை. இந்த வீட்டின் மானத்தைக் காத்தது நான் ஒருவன் என்று நினைத்திருந்தேன்.

நாகராசின் கை இலையில் அப்படியே நின்றது.

"அப்ப ஒனக்குத் தெரியுமா ஆத்தா?"

"தெரியும்."

"அப்பா ஏன்…" அவனால் அதை முடிக்க முடியவில்லை. வேறு விதமாகக் கேட்டான். "முந்தின நாளு என்ன நடந்துச்சு?"

"ஒங்க பெரியப்பாவப் பாத்துட்டு வாரேன்னு போனாக. போகும்போது சந்தோசமாத்தான் போனாக. உடுப்பெல்லாம் நான்தான் தேச்சுக் குடுத்தேன். திரும்பி வந்து அதக் கழத்தி மடிச்சு வச்சாக. அதுக்கப்புறம் பேசல. அங்கிட்டு என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்ல."

நாகராசு மெல்லத் திரும்பினான். அன்று காலைக்குப் பிறகு இப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"பெரியப்பா…"

"இருப்பா" என்றாள் செவந்தி. "சாப்புடுறப்பக் கேக்காத. அவுக சாப்புட்டு எந்திரிக்கட்டும்."

என் இலையில் இன்னொரு அகப்பை சோறு வைத்தாள். குழிசெய்து ரசம் ஊற்றினாள். பிறகு சுவரோரமாக நின்றுகொண்டாள். நாகராசு கை காயக் காய உட்கார்ந்திருந்தான்.

இருவரும் காத்திருந்தார்கள். நான் சோற்றைப் பிசையத் தொடங்கினேன்.